எழுத்தின் அளவும் பக்கத்தின் அகலமும்

அச்சிட்ட புத்தகம் ஒன்றை மனக்கண்முன் கொண்டுவாருங்கள். அதன் தாள் இத்தனை அங்குல அகலம் என்று ஒருவர் முன்னரே முடிவு செய்திருக்கிறார். எழுத்து இத்தனை பாயிண்ட் என்பதும், ஒவ்வொரு வரியும் எங்கே தொடங்கி எங்கே முடியவேண்டும் என்பதும் அச்சகத்திலேயே தீர்ந்துபோன செய்திகள். புத்தகம் படிப்பவர் கைக்கு வந்தபின் அதில் மாற்றுவதற்கு ஒன்றுமில்லை. எழுத்துப் பொடியாக இருந்தால் அவர்தாம் மூக்குக்கண்ணாடியைத் தேடவேண்டும். அல்லது புத்தகத்தை விளக்கருகே கொண்டுபோக வேண்டும். தாள் அவருக்காக மாறாது.

இணையப் பக்கமோ தாளைப் போலத் தோன்றினும் தாள் அன்று. அதனை அமைத்தவர் நமக்கு அனுப்புவது சொற்களும், அச்சொற்களை எவ்வாறு அடுக்கவேண்டும் என்னும் கட்டளைகளுமே ஆகும். அக்கட்டளைகளைப் படித்து, வரிவரியாக அடுக்கி, திரையில் காட்டும் வேலையை உலாவி என்னும் மென்பொருள் நம் கருவியிலேயே செய்கிறது. அச்சுக் கோப்பவர் அச்சகத்தை விட்டு நம் வீட்டிற்கே வந்துவிட்டார் என்று இதனைச் சொல்லலாம். நாம் பக்கத்தைத் திறக்குந்தோறும் அவர் புதிதாகக் கோக்கிறார்.

அவ்வாறாயின், எழுத்தின் அளவை முடிவு செய்வது யார்? அமைத்தவரா, படிப்பவரா? பக்கத்தின் அகலத்தை அமைத்தவர் மாறாத ஓர் அளவில் கட்டிவைத்திருக்க, படிப்பவர் எழுத்தை மட்டும் பெரிதாக்கினால் என்ன நேரும்? இவையே இன்று நாம் ஆராய எடுத்துக்கொண்ட வினாக்கள். இவை தொழில்நுட்ப வல்லுநர்க்கு மட்டும் உரியவை என்று எண்ணிவிடாதீர்கள். நாற்பது வயதைக் கடந்தவர்கட்கு வெள்ளெழுத்து வருவது இயற்கை. பிறவியிலேயே பார்வை குன்றியவர்களும் நம்மிடையே உள்ளனர். தேர்வு முடிவும், இரயில் பயணச்சீட்டும், மருத்துவ அறிக்கையும் திரையின் வழியாகவே வரும் இக்காலத்தில், எழுத்தைப் படிக்க முடியாதவர் வாயிற்படியிலேயே நிறுத்தப்பட்டவர் ஆகிறார்.

முதலில் வரியின் நீளத்தைப் பற்றி ஒரு சொல். கண் ஒரு வரியை முடித்து அடுத்த வரியின் தொடக்கத்திற்குத் திரும்பி வரவேண்டும். வரி மிக நீண்டால் திரும்பும் கண் வழி தவறுகிறது. படித்த வரியையே மீண்டும் படிக்க நேர்கிறது. வரி மிகக் குறுகினாலோ, இரண்டு மூன்று சொற்களுக்கு ஒருமுறை கண் தாவ வேண்டியிருத்தலின் பொருள் சிதறுகிறது. ராபர்ட் பிரிங்ஹர்ஸ்ட் என்னும் கனடா நாட்டு அறிஞர் அச்செழுத்துக் கலையைப் பற்றி 1992இல் வெளியிட்ட நூலில், ஆங்கிலம் போன்ற மொழிகளுக்கு வரிக்கு 45 முதல் 75 எழுத்துவரை பொருந்தும் என்று குறித்தார். சொற்களுக்கு இடையேயுள்ள வெற்றிடங்களும் இக்கணக்கில் அடங்கும். இங்கு நீங்கள் கருத்தில் இருத்த வேண்டியது ஒன்று: நல்ல வரியின் அளவுகோல் அங்குலமும் அன்று, திரையின் புள்ளியும் அன்று, எழுத்துகளின் எண்ணிக்கையே ஆகும். எழுத்துப் பெரிதானால் வரியும் அதற்கேற்ப நீளவேண்டும். எழுத்துச் சிறிதானால் வரியும் குறுக வேண்டும். அகலமும் எழுத்தளவும் ஒன்றையொன்று பற்றி நிற்பவை.

இந்த உறவை மறந்ததனால்தான் தொல்லை பிறந்தது. திரையின் அளவுகளைப் பிக்சல் என்னும் புள்ளிகளால் கணக்கிடுவது வழக்கம். தொடக்க காலக் கணினித் திரைகளின் அகலம் 640 பிக்சலாக இருந்தது. பின்னர் 800 ஆயிற்று. அதன்பின் 1024 பரவியது. பக்கம் அமைப்போர் தம் காலத்தில் எந்தத் திரை மிகுதியோ அதனைக் கருத்தில் வைத்து, பக்கத்தின் அகலத்தை அதற்குச் சற்றுக் குறைவாக நிலைநிறுத்தினர். 800 பிக்சல் திரைக்கு 760, 1024 பிக்சல் திரைக்கு 960 என்ற அளவுகள் இவ்வாறு நிலைபெற்றன. 960 என்னும் எண்ணை அவர்கள் விரும்பியதற்குக் கணக்கும் ஒரு காரணம். அது 2, 3, 4, 5, 6, 8, 10, 12 ஆகிய எல்லா எண்களாலும் மீதியின்றி வகுபடும். ஆதலின் பக்கத்தை இவற்றுள் எத்தனை பத்தியாகப் பிரித்தாலும் கணக்கு இடறாது.

அவ்வாறு அமைந்த பக்கம் ஒன்றில் நடுப்பத்தியின் அகலம் 600 பிக்சல், ஓரப்பத்தியின் அகலம் 160 பிக்சல் என்று கொள்வோம். உலாவிகள் பொதுவாக எடுத்துக்கொள்ளும் எழுத்தளவு 16 பிக்சல். ஆங்கில எழுத்தின் சராசரி அகலம் அதன் அளவில் ஏறத்தாழப் பாதி. அதாவது 8 பிக்சல். எனவே நடுப்பத்தியில் வரிக்கு 75 எழுத்தும், ஓரப்பத்தியில் 20 எழுத்தும் அமையும். இனி, பார்வை குன்றிய ஒருவர் எழுத்தை இருமடங்கு ஆக்குகிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். பத்திகளின் அகலம் மாறவில்லை. நடுப்பத்தியில் வரிக்கு 37 எழுத்தே நிற்கும். ஓரப்பத்தியிலோ 10 எழுத்துக்குத்தான் இடம்! ‘இன்ஃபர்மேஷன்’ என்ற ஒரே ஆங்கிலச் சொல்லுக்கு 11 எழுத்து வேண்டும். அச்சொல் தன் பத்தியின் எல்லையைத் தாண்டி அடுத்த பத்தியின்மேல் ஏறி நிற்கும். உயரமும் மாறாத அளவில் கட்டப்பட்டிருந்தால், கீழ்வரிகள் பெட்டிக்குள் மறைந்துபோகும். எழுத்துப் பெரிதாயிற்று, ஆனால் செய்தி அழிந்தது. செருப்புக்காகக் காலை வெட்டிக்கொள்வது என்பார்களே, அதற்கு இது நல்ல எடுத்துக்காட்டு.

சிலர் இத்தொல்லைக்கு எளிய வழி ஒன்று கண்டனர். எழுத்தின் அளவையும் பிக்சலிலேயே கட்டிவிடுவது என்பதே அது. மைக்ரோசாப்ட் நிறுவனம் 2001இல் வெளியிட்ட இன்டர்நெட் எக்ஸ்புளோரர் 6 என்னும் உலாவியில் எழுத்தைப் பெரிதாக்க ஒரு வசதி இருந்தது. ஆனால் பிக்சலில் அளவிட்ட எழுத்தின்மேல் அவ்வசதி செல்லுபடியாகவில்லை. ஆகவே அமைத்தவரின் பக்கம் சிதையாமல் அழகாக நின்றது. படிக்க முடியாதவர் படிக்க முடியாதவராகவே நின்றார். 2006இல் வந்த ஏழாம் பதிப்பில்தான் பக்கம் முழுவதையும் பெருக்கிக் காட்டும் வசதி அவ்வுலாவியில் சேர்ந்தது.

இணையப் பக்கத்தின் தோற்றத்தை வகுக்கும் விதிமொழியைப் படைத்தவர்கள் இவ்வாறு நேரும் என்று எண்ணாமல் இருந்தார்களா? இல்லை. அம்மொழிக்குச் சி.எஸ்.எஸ். என்று பெயர். அதனை 1994 அக்டோபரில் முதன்முதலாக முன்மொழிந்தவர் ஹோகன் வியூம் லீ. நார்வே நாட்டினரான அவர் அப்போது ஜெனீவாவிற்கு அருகேயுள்ள செர்ன் ஆராய்ச்சி நிலையத்தில் பணியாற்றி வந்தார். அமைத்தவரின் விருப்பத்தையும் படிப்பவரின் விருப்பத்தையும் ஒருங்கே எடுத்து, நூற்றுக்கு இத்தனை பங்கு இவருக்கு, இத்தனை பங்கு அவருக்கு என்று இணைத்துப் பார்க்கலாம் என்பது அம்முன்மொழிவில் அடங்கிய கருத்து. 1996 டிசம்பரில் சி.எஸ்.எஸ். முதல் பதிப்பு வெளிவந்தபோது அந்தப் பங்குக் கணக்கு இல்லை. எனினும் இருவர் விருப்பத்திற்கும் இடமளிக்கும் நோக்கம் நிலைத்தது. முதற்பதிப்பில், இருவரும் ‘இது கட்டாயம்’ என்று குறித்த இடத்தில் அமைத்தவர் சொல்லே வென்றது. 1998இல் வந்த இரண்டாம் பதிப்பில் அது தலைகீழாக மாற்றப்பட்டது. படிப்பவரின் கட்டாயமே இறுதியானது என்று விதித்தனர். எழுத்தளவைப் பற்றிய நம் வினாவிற்கு அவ்விதியிலேயே விடை இருக்கிறது.

இனி, பரிகாரத்தைக் காண்போம். அச்சகத்தில் ‘எம்’ என்று ஓர் அளவு உண்டு. எழுத்து எந்த அளவோ, அதுவே அந்த எழுத்திற்கு ஓர் எம். 12 பாயிண்ட் எழுத்திற்கு எம் 12 பாயிண்ட். 24 பாயிண்ட் எழுத்திற்கு 24 பாயிண்ட். இந்தப் பழைய அளவைச் சி.எஸ்.எஸ். எடுத்துக்கொண்டது. நம் நடுப்பத்தியின் அகலத்தை 600 பிக்சல் என்று கூறாமல், 37½ எம் என்று கூறிப் பாருங்கள். எழுத்து 16 பிக்சலாக இருக்கும்போது 37½ எம் என்பது அதே 600 பிக்சல்தான். படிப்பவர் தம் உலாவியில் எழுத்தை 32 ஆக்கினால், பத்தியின் அகலமும் தானே 1200 ஆகும். வரிக்கு 75 எழுத்து என்னும் கணக்கு மாறாது. காலுக்கேற்பச் செருப்பு வளர்ந்துவிட்டது.

ஆயினும் ஒரு குறை இதில் எஞ்சி நிற்கிறது. திரையின் அகலம் 1024ஆக இருக்க, பத்தி 1200ஆக வளர்ந்தால், ஒவ்வொரு வரியின் வாலும் திரைக்கு வெளியே போய்விடும். படிப்பவர் வரிதோறும் பக்கத்தை இடமும் வலமும் இழுக்க வேண்டும். ஆதலின் 37½ எம் என்பதைக் கட்டாய அகலமாக விதிக்காமல், உச்ச அகலமாக விதிக்கவேண்டும். ‘இடம் இருந்தால் இதுவரை விரிக, இடம் இல்லையேல் திரைக்குள் அடங்குக’ என்பது அதன் பொருள். கட்டளையில் ஒரு சொல்தான் மாறுகிறது. ஆனால் மதில் இருந்த இடத்தில் வேலி நிற்கிறது.

எம் அளவில் வேறொரு நுட்பமும் உண்டு. ஒரு பெட்டிக்குள் எழுத்து 0.8 எம் என்றால், அது வெளியேயுள்ள எழுத்தில் பத்தில் எட்டுப் பங்கு. பெட்டிக்குள் பெட்டி, அதற்குள் மற்றொரு பெட்டி என்று மூன்று அடுக்கு இருப்பின், 0.8ஐ மும்முறை பெருக்க 0.512 வரும். 16 பிக்சல் எழுத்து 8 பிக்சலாகச் சுருங்கிவிடும்! இதனைத் தவிர்க்கவே பிற்காலத்தில் ‘ரெம்’ என்னும் அளவைச் சேர்த்தனர். அது எத்தனை பெட்டிக்குள் இருந்தாலும் பக்கத்தின் அடிப்படை எழுத்தளவு ஒன்றையே நோக்கும். அடிப்படையை அமைத்தவர் பிக்சலில் கட்டாதவரை, அது படிப்பவர் தம் உலாவியில் தேர்ந்த அளவே ஆகும்.

இவ்வளவில் கதை முடிந்திருக்கும். ஆனால் கைப்பேசி வந்தது. 2007இல் ஆப்பிள் நிறுவனத்தின் ஐபோன் வெளிவந்தபோது, பெரும்பாலான பக்கங்கள் கணினித் திரைக்கென்று நிலையான அகலத்தில் கட்டப்பட்டிருந்தன. ஐபோன் என்ன செய்தது? பக்கம் 980 பிக்சல் அகலம் என்று கருதிக்கொண்டு, அதை முழுமையாகத் தன் 320 பிக்சல் திரைக்குள் சுருக்கிக் காட்டியது. மூன்றில் ஒரு பங்காகச் சுருங்கியதால், 16 பிக்சல் எழுத்து ஏறத்தாழ 5 பிக்சல் ஆயிற்று. நல்ல பார்வை உடையோரும் வெள்ளெழுத்துக்காரர் ஆயினர்! பின்னர், ‘என்னைச் சுருக்க வேண்டாம்; உன் அகலமே என் அகலம்’ என்று பக்கமே கைப்பேசிக்குச் சொல்லும் கட்டளை வழக்கிற்கு வந்தது. அக்கட்டளையோடு, படிப்பவர் விரல்களால் பெரிதாக்குவதையும் தடுக்கும் சொல்லைச் சிலர் சேர்த்துவிட்டனர். 2016இல் ஆப்பிளின் ஐ.ஓ.எஸ். 10 அத்தடையைப் பொருட்படுத்தாமல் பெரிதாக்க இடந்தந்தது.

2010 மே மாதத்தில் ஈத்தன் மார்க்காட் என்னும் அமெரிக்க வடிவமைப்பாளர் ஒரு கட்டுரை எழுதினார். திரையின் அகலத்தை வினவி, அதற்கேற்பப் பத்திகளின் அமைப்பை மாற்றிக்கொள்ளும் முறைக்கு அதில் ஒரு பெயரும் தந்தார். ‘ஏற்புடை வடிவமைப்பு’ என்று அதனை நாம் தமிழில் குறிக்கலாம். அகன்ற திரையில் இரண்டு பத்தி. குறுகிய திரையில் ஒன்றன்கீழ் ஒன்றாக ஒரே பத்தி. இவ்வினாவையும் எம் அளவில் கேட்பது அறிவுடைமை. ‘60 எம் அகலம் இருந்தால் இரண்டு பத்தி’ என்று விதித்தால், 16 பிக்சல் எழுத்திற்கு அது 960. உலாவியின் எழுத்தளவை 32 ஆக்கிக்கொண்டவருக்கு அது 1920 ஆகும். ஆகவே அவருடைய 1024 பிக்சல் திரையில் பக்கம் தானாகவே ஒரே பத்தியாகிவிடும். ஓரப்பத்தியில் 10 எழுத்து நெருக்கியடித்த துன்பம் அவருக்கு இல்லை.

பத்திகள் மாறுவதுபோல எழுத்தும் திரைக்கேற்ப மாறலாமே என்ற எண்ணம் அடுத்து எழுந்தது. கைப்பேசியைக் கண்ணருகே பிடிக்கிறோம். மேசைத் திரை சற்றுத் தொலைவில் இருக்கிறது. ஆதலின் பெரிய திரையில் எழுத்து ஓரளவு பெரிதாக இருப்பது பொருத்தமே. இதற்குப் பள்ளியில் பயின்ற நேர்கோட்டுக் கணக்குப் போதும். அகலம் 400 பிக்சலாக இருக்கும்போது எழுத்து 16, அகலம் 1000ஆக இருக்கும்போது 20 என வேண்டும் என்க. அகலம் 600 கூட, எழுத்து 4 கூடுகிறது; அதாவது 150 பிக்சலுக்கு ஒன்று. ஆகவே அகலத்தை 150ஆல் வகுத்து, அதனோடு 13⅓ஐக் கூட்டினால் எழுத்தளவு கிடைக்கும். 700 பிக்சல் அகலத்திற்கு 18 வருவதை நீங்களே கணக்கிட்டுக் காணலாம். 16க்குக் கீழேயும் 20க்கு மேலேயும் போகாதவாறு இதனைக் கட்டுப்படுத்தக் ‘கிளாம்ப்’ என்னும் விதி சி.எஸ்.எஸ். மொழியில் உண்டு. 2020ஆம் ஆண்டளவில் முதன்மையான உலாவிகள் அனைத்திலும் அது இடம்பெற்றது.

இங்கேதான் பழைய பிழை புதிய உருவில் வந்து நிற்கிறது. எழுத்தின் அளவைத் திரையின் அகலத்தோடு மட்டுமே கட்டிவிட்டோம் என்று கொள்வோம். படிப்பவர் பக்கத்தை இருமடங்கு பெருக்கினால், உலாவி திரையின் அகலத்தைப் பாதியாகக் கணக்கிடும். அகலம் பாதியானால், அதனோடு கட்டுண்ட எழுத்தும் பாதியாகும். பாதியை இருமடங்கு பெருக்கினால் பழைய அளவே வரும்! அவர் எத்தனை முறை பெருக்கினும் எழுத்து அசையாது. கூட்டல் எண்ணாகிய 13⅓ இருப்பதால்தான் நம் சூத்திரம் இக்குறையிலிருந்து பெரும்பாலும் தப்புகிறது. அப்போதும் முழுமையாக அன்று. 1000 பிக்சல் திரையில் 20ஆக இருந்த எழுத்தை இருமடங்கு பெருக்கினால், அகலம் 500 ஆகி, சூத்திரப்படி 16⅔ வந்து, அதன் இருமடங்கு 33⅓ ஆகிறது. கேட்டது 40; கிடைத்தது 33⅓. இரண்டரை மடங்கு பெருக்கினால்தான் 40 கிடைக்கும். ஆகவே சிறுமைக்கும் பெருமைக்கும் இடையேயுள்ள வேறுபாட்டை மிகுதியாக்காமல் இருப்பது நன்று. அன்றியும் அந்தக் கூட்டல் எண்ணையும் இரண்டு எல்லைகளையும் பிக்சலில் சொல்லாமல் ரெம் அளவில் சொல்லவேண்டும். அப்போதுதான் உலாவியில் தமக்கென்று பெரிய எழுத்தைத் தேர்ந்தவரின் விருப்பம் சூத்திரத்திற்குள் நுழையும்.

படிப்பவரின் இவ்வுரிமையை உலகளாவிய வலை இணையம் என்னும் அமைப்பு நெறிகளாகவே வகுத்துள்ளது. 2008 டிசம்பரில் வெளியான நெறித்தொகுப்பு, எழுத்தை இருமடங்குவரை பெரிதாக்கினாலும் செய்தியோ செயலோ இழக்கப்படக் கூடாது என்கிறது. 2018இல் வெளியான அடுத்த பதிப்பு, 320 பிக்சல் அகலத்திலும் வரிகள் திரைக்குள் மடங்கி அமையவேண்டும். படங்கள், அட்டவணைகள் போன்றவை தவிர, மற்றவற்றை இருபுறமும் இழுத்துப் படிக்கும்படி வைத்தல் ஆகாது என்கிறது. 320 என்ற எண் எங்கிருந்து வந்தது? 1280 பிக்சல் அகலமுள்ள திரையை நான்கு மடங்கு பெருக்கினால் எஞ்சும் அகலம் அதுவே.

தமிழில் பக்கம் அமைப்போர் இதனை இன்னும் கூர்ந்து நோக்கவேண்டும். ண, ஞ, ணை போன்ற நம் எழுத்துகள் அகன்றவை. விகுதிகளும் உருபுகளும் சேரச்சேரச் சொற்கள் நீள்கின்றன. ‘பல்கலைக்கழகத்திலிருந்து’ என்பது 14 எழுத்துடைய ஒரே சொல். குறுகிய பத்தியில் கட்டுண்ட அகலம் ஆங்கிலத்தைவிடத் தமிழை விரைவில் நெரித்துவிடும். மேலே விரியும் கீ, கீழே இறங்கும் து என்று எழுத்துகள் இருபுறமும் நீள்வதால், வரிகளுக்கிடையே வேண்டிய இடத்தையும் எழுத்தளவின் மடங்காகவே சொல்லவேண்டும். ஆங்கிலத்திற்கென்று வகுத்த அச்சில் தமிழை ஊற்றிப் பார்த்து, ‘பொருந்தியது’ என்று மனநிறைவு அடைதல் போதாது.

உங்களுள் பலர் கல்லூரி மன்றத்திற்கோ, ஊர் நூலகத்திற்கோ ஒரு பக்கம் அமைக்கும் வாய்ப்பைப் பெறுவீர்கள். அப்போது இரண்டு சோதனைகள் செய்து பாருங்கள். உலாவியின் அமைப்பில் எழுத்தளவை 16இலிருந்து 32 ஆக்குங்கள். பக்கம் அதைக் கேட்கிறதா என்று நோக்குங்கள். பிறகு பக்கத்தை நான்கு மடங்கு பெருக்கி, முதல் வரியிலிருந்து கடைசி வரிவரை படியுங்கள். எந்தச் சொல்லும் மறையாமலும், எந்த வரியும் திரைக்கு வெளியே ஓடாமலும் இருந்தால் உங்கள் பக்கம் தேறிவிட்டது. தேறாவிட்டால் வருந்த வேண்டுவதில்லை. எங்கே பிக்சலில் ஓர் எண் கட்டுண்டு கிடக்கிறது என்று தேடுங்கள். அநேகமாக அந்த ஓர் எண்ணை எம் ஆகவோ, ரெம் ஆகவோ, உச்ச அகலமாகவோ மாற்றினால் போதும். எழுத்து யாருடைய கண்ணுக்காக இருக்கிறதோ, அவரே அதன் அளவைச் சொல்ல உரியவர். பக்கத்தின் அகலத்தை அவருக்குப் பின்னே நடக்குமாறு அமைப்பதே நம் வேலை.